போலோ ஜிடியில் ரிவர்ஸ் கேமரா: எந்த வயரைத் தொடுவது, எங்கே மாட்டுவது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். 2021 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக். பின்னால் கம்பெனி பார்க்கிங் சென்சார் உண்டு, கேமரா இல்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விசாரித்தால், ஒரு கடையில் நம்பர் பிளேட் மேலே மாட்டுகிற கேமராவும் ஒன்பது இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் சேர்த்துப் போட்டால்தான் சரிவரும் என்கிறார்கள். இன்னொரு கடையில் ரிவர்ஸ் லைட் வயரில் லைன் எடுத்து அரை மணி நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். கடைசியில் "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் முழுதாகப் படித்தால் உங்கள் கவலை கேமராவைப் பற்றியதாகவே தெரியவில்லை. "ஜெர்மன் வண்டி, வயரில் கை வைத்தால் எர்ரர் வரும்" என்று நண்பர் சொன்னது மனதில் உட்கார்ந்துவிட்டது. ஆசைப்பட்டு வாங்கிய வண்டியின் பின்பக்கம் அசிங்கமாகிவிடக் கூடாது என்பதும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் எந்தக் கேமரா என்பது தானாக முடிவாகிவிடும்.

கோவையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். புதிதாகக் கேமரா போட்ட வண்டிகளைவிட, எங்கோ போட்டுவிட்டுப் படம் ஆடுகிறது, மழைக்குப் பிறகு தெரியவில்லை என்று வந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்துத்தான் நிறையத் தெரிந்துகொண்டேன். அப்படிப் பிரித்ததில் கேமரா கெட்டுப்போயிருந்தது குறைவு. பெரும்பாலும் சப்ளை எடுத்த இடம் தவறு, எர்த் (பேட்டரியின் மைனஸ் பக்க இணைப்பு) சரியில்லை, இல்லையென்றால் ஜாயிண்ட்டில் தண்ணீர்.

நண்பர் சொன்னதில் பாதி சரி. கேமரா இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, ஒன்று இரண்டு வாட்தான். ரிவர்ஸ் லைட்டில் இருக்கும் 21 வாட் பல்புக்கு முன்னால் அது ஒரு சுமையே இல்லை. அதனால் "கேமரா போட்டால் கம்ப்யூட்டர் எரிந்துவிடும்" என்பது வீண் பயம். சிக்கல் கரண்டின் அளவில் இல்லை, அது வருகிற விதத்தில் இருக்கிறது. பழைய கார்களில் கியர் பாக்ஸில் ஒரு சுவிட்ச் இருக்கும். ரிவர்ஸ் போட்டால் பேட்டரி கரண்ட் நேராக பல்புக்குப் போகும். இப்போதைய ஐரோப்பிய கார்கள் பலவற்றில் பல்புக்குக் கரண்ட் கொடுப்பது பாடி கண்ட்ரோல் மாட்யூல், அதாவது விளக்கு போன்றவற்றை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி. அது பல்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது நுண்ணிய துடிப்புகளை அனுப்பிச் சோதிக்கும். பல்பின் ஆயுளுக்காகக் கரண்ட்டைத் தொடர்ச்சியாக விடாமல் நொடிக்குப் பல முறை விட்டு விட்டுக் கொடுக்கும் வண்டிகளும் உண்டு. பல்பின் இழை சூடாகவே இருப்பதால் கண்ணுக்கு அது தெரியாது. கேமராவுக்குள் இருக்கும் சிப்புக்கோ ஒவ்வொரு முறையும் கரண்ட் போய் வந்த மாதிரிதான். படத்தில் கோடு கோடாக ஓடுவது, மினுக்குவது, நீலத் திரை வந்து வந்து போவது எல்லாம் இதனால்தான். கடைக்காரர் கேமராவை மாற்றிக் கொடுப்பார், அதே கோளாறு திரும்பவும் வரும்.

இதை வேலை தொடங்குமுன்பே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். முதலில் பேட்டரியில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப், ஹேண்ட் பிரேக் இழுத்து, பிரேக்கில் ஒருவர் கால் வைத்துக்கொண்டு, கியரை ஆர்-க்கு நகர்த்தச் சொல்லிவிட்டு, ரிவர்ஸ் பல்பு ஹோல்டரில் அளந்து பாருங்கள். பேட்டரி வோல்டேஜைவிட 0.2, 0.3 வோல்ட் மட்டும் குறைவாக வந்தால் நேர் சப்ளை. பேட்டரியில் 12.4 இருந்து இங்கே பத்து, பத்தரை என்று காட்டினால் விட்டு விட்டுத்தான் வருகிறது. மீட்டர் அதன் சராசரியைக் காட்டுகிறது. பழைய பல்பு வைத்த டெஸ்ட் லாம்பைக் கொண்டு இந்த வண்டியில் யாரையும் வயர் தேட விடாதீர்கள். அது தொட்ட இடத்திலெல்லாம் கரண்ட்டை இழுக்கும், அந்த இழுவையைத் தாங்கும்படி எல்லா வயரும் செய்யப்படவில்லை.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும், இது நிறைய இடங்களில் தவறாகிறது. ஜப்பான், கொரிய வண்டிகளில் பழகிய கைக்குக் கறுப்பு என்றால் எர்த். ஜெர்மன் வண்டிகளில் எர்த் பழுப்பு நிறம். கறுப்பு வயர் பல இடங்களில் இக்னிஷன் போட்டதும் உயிர் பெறும் சப்ளை. கறுப்பைக் கண்டதும் எர்த் என்று நினைத்து இணைத்தால் ஃப்யூஸ் போகும், அதோடு முடிந்தால் அதிர்ஷ்டம். நீங்கள் போகும் கடையில் வேலை செய்யப் போகிற பையனிடம் "தம்பி, இதில் எர்த் எது?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். பழுப்பு என்று சொன்னாலோ, மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றாலோ வண்டியை நம்பி விடலாம்.

நேர் சப்ளை என்று தெரிந்தால் ரிவர்ஸ் லைட்டிலிருந்தே, ஓர் ஆம்பியர் ஃப்யூஸ் வைத்துக் கேமராவுக்கு எடுத்துக்கொள்ளலாம். விட்டு விட்டு வருகிறது என்றால் இரண்டு வழி. கேமராவுக்கும் ரிவர்ஸ் வயருக்கும் நடுவே ஒரு ஃபில்டர் வைப்பது முதல் வழி. ஒரு டயோடும் 25 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்கும் பெரிய கெப்பாசிட்டரும் சேர்ந்ததுதான் அது, ரிவர்ஸ் கேமரா ஃபில்டர் என்றே தயாராகக் கிடைக்கும். இரண்டாவது வழி, கேமராவுக்குச் சப்ளையை இக்னிஷன் லைனிலிருந்து தனி ஃப்யூஸ் போட்டு எடுத்துவிட்டு, ரிவர்ஸ் வயரை ஒரு சிறிய ரிலேயை (கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச்) இயக்க மட்டும் வைத்துக்கொள்வது. இங்கேயும் ரிலேயின் காயிலுக்கு முன்னால் அதே ஃபில்டர் வேண்டும். அது இல்லாமல் விட்டால் ரிலே டிக்கிக்குள் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வேலை கொஞ்சம் கூடுதல், ஆனால் கம்பெனி வயரில் நாம் தொடும் இடம் ஒன்றே ஒன்று.

அந்த ஒரு இடத்தையும் எப்படித் தொடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கம்பெனி வயரை வெட்டத் தேவையே இல்லை. மேல் உறையை ஒரு சென்டிமீட்டர் நீக்கி, புதிய வயரைச் சுற்றி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்கி, அதன்மேல் துணி டேப் சுற்ற வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் நம் ஊர் வெயிலில் இரண்டு கோடை தாண்டாது, பசை உருகி வழியும். அழுத்தினால் வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல நிற கிளிப் ஒன்று உண்டு. அது வேகமாக முடியும், அதனால் கடைகளுக்குப் பிடிக்கும். டெயில் லாம்ப் பக்கம் ஈரம் வரும் இடத்தில் அதைப் போட்டால் உள்ளே பச்சை பூத்துவிடும். பல்பு ஹோல்டர் கப்ளருக்குப் பொருந்துகிற ஆண், பெண் கப்ளர் வைத்த ஜோடி வயர் கிடைத்தால் ஈயமும் வேண்டாம், நடுவில் செருகிவிட்டுப் போகலாம். பின்னால் வண்டியை விற்கும்போது உருவிவிட்டால் வண்டி பழைய மாதிரி.

அடுத்தது மாட்டும் இடம். நம்பர் பிளேட் மேலே வரும் ஃபிரேம் கேமராவை நான் வேண்டாம் என்றே சொல்வேன். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான காரில் வருவது உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். அதைப் பிடித்திருக்கும் ஸ்நாப் லாக் ஒருமுறை பூட்டினால் பூட்டியதுதான், கழற்ற வேண்டும் என்றால் உடைக்க வேண்டும். பிளேட்டின் இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம் இருக்கிறது, ஃபிரேம் முதலில் மறைப்பதும் அதைத்தான். ஒரு கேமராவுக்காக அந்த வம்பு எதற்கு? அதோடு அந்த ஃபிரேமின் வெள்ளி நிறப் பளபளப்பு உங்கள் வண்டியின் பின்பக்கத்துக்குக் கொஞ்சமும் ஒட்டாது.

போலோவில் நம்பர் பிளேட் இருப்பது டிக்கிக் கதவில் இல்லை, பம்பரில். இது உங்களுக்குச் சாதகம். டிக்கிக் கதவில் கேமரா வைக்கும் வண்டிகளில் வயர், கதவு மடங்கும் இடத்து ரப்பர் குழாய் வழியாகப் போக வேண்டும். ஒவ்வொரு முறை கதவைத் திறந்து மூடும்போதும் வயர் வளைந்து நிமிரும், ஒரு நாள் உள்ளுக்குள் அறுந்துவிடும். பம்பரில் வைத்தால் அந்தத் தொல்லை கிடையாது. பிளேட்டுக்கு வெளிச்சம் தரும் சிறிய விளக்கின் இடத்திலேயே, விளக்கும் கேமராவும் சேர்ந்த ஒரே பாகமாகப் பொருத்துகிற வகை உண்டு. வெளியே நீட்டாது, துளை போட வேண்டாம், இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. என் ஓட்டு இதற்குத்தான். வாங்கும்போது உங்கள் விளக்கின் நீள அகலத்தை அளந்து கொண்டுபோங்கள், "ஃபோக்ஸ்வாகன் எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்பதை நம்பாதீர்கள். விளக்கு பல்பாக இருந்த இடத்தில் எல்இடி வந்தால் டாஷ்போர்டு மீட்டரில் பல்பு எச்சரிக்கை எரிய வாய்ப்புண்டு. ரெசிஸ்டர் உள்ளேயே வைத்த வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் டிக்கியைத் திறக்கும் கைப்பிடியே அந்த வட்டச் சின்னம்தான். கோல்ஃப் போன்ற கார்களில் அந்தச் சின்னம் ரிவர்ஸ் போட்டதும் மேலே எழும்பி உள்ளிருந்து கேமரா எட்டிப் பார்க்கும். அதன் நகல்கள் போலோவுக்கும் விற்கப்படுகின்றன. பார்க்க மிக அழகு, லென்ஸில் தூசியும் மழையும் படாது. ஆனால் உள்ளே ஒரு மோட்டார், பல் சக்கரங்கள், டிக்கி திறக்கும் சுவிட்ச் எல்லாம் சேர்ந்திருக்கும். மலிவான நகலில் மோட்டார் சிக்கிக்கொண்டால் டிக்கியைத் திறப்பதே பாடாகிவிடும். ஒரிஜினல் பாகம் கையில் கிடைத்து, செலவும் பெரிதில்லை என்றால் மட்டும் யோசியுங்கள்.

ஹேட்ச்பேக் வண்டி ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பும் தூசியும் சேறும் சுருட்டிக்கொண்டு வந்து பின்பக்கத்தில் படியும். பம்பர் கேமராவின் லென்ஸ் அதனால் சீக்கிரம் அழுக்காகும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் இன்னும் மோசம். இதற்கு மாயமந்திரம் எதுவும் இல்லை, விரலில் ஈரத்துணி சுற்றித் துடைப்பதுதான். சைலன்சரை மாற்றியிருந்தாலோ மாற்றும் எண்ணம் இருந்தாலோ, இரண்டு பிளேட் விளக்குகளில் குழாய்க்குத் தூரமாக உள்ள பக்கத்தில் கேமராவை வையுங்கள். கரிப்படலம் லென்ஸில் பிடித்தால் தண்ணீருக்குப் போகாது. பெட்டியில் ஐபி67 அல்லது அதற்கு மேல் போட்டிருக்க வேண்டும். 67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வாட்டர் வாஷில் பீய்ச்சுகிற அழுத்தம் வேறு. அதற்கான தரம் 69கே, அது இல்லாத கேமராவானால் வாஷ் செய்கிறவரிடம் கன்னை நேராக அங்கே பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேமராவையும் திரையையும் ஜோடியாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய வகை அனலாக் கேமராவில் பிஏஎல் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று இரண்டு வீடியோ முறைகள் உண்டு. புதிய ஏஹெச்டி (AHD) வகையில் படத்தின் தெளிவைப் பொறுத்து 720, 1080 என்று பிரிவுகள், அவற்றிலும் நொடிக்கு 25 படம், 30 படம் என்று உட்பிரிவு. திரை எதிர்பார்ப்பது ஒன்று, கேமரா அனுப்புவது வேறொன்று என்றால் படம் உருளும், கறுப்பு வெள்ளையாகும், அல்லது ஒன்றுமே வராது. 170 டிகிரி என்று பெட்டியில் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்த கணக்கு. கோணம் அகல அகலப் படத்தின் ஓரங்கள் வளையும், பின்னால் நிற்கும் சுவர் இருப்பதைவிடத் தூரத்தில் தெரியும். பின் கேமராவின் படம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி வர வேண்டும். பல கேமராக்களில் வயரோடு இரண்டு சிறிய வளையங்கள் தொங்கும். ஒன்றை வெட்டினால் படம் இடவலம் திரும்பும், இன்னொன்றை வெட்டினால் பார்க்கிங் கோடுகள் மறையும். எது எதற்கு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், தாளைப் படித்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

அந்தச் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடுகளைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கேமராவே வரையும் கோடு எந்த வண்டிக்கும் அளந்து போட்டதில்லை. உங்கள் கேமரா பம்பரில் தாழ்வாக இருக்கிறது. நாளை ஸ்ப்ரிங் மாற்றி வண்டியை இறக்கினால் இன்னும் தாழும். கோடு காட்டும் ஒரு மீட்டர் அங்கே அரை மீட்டராக இருக்கலாம். திரையின் செட்டிங்கில் கோட்டை நகர்த்த முடிந்தால், வண்டிக்குப் பின்னால் அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டரில் செங்கல் வைத்து, கோட்டை அவற்றோடு பொருத்துங்கள். நகர்த்த முடியாது என்றால் கோடு இல்லாமல் ஓட்டுவதே மேல். அதற்குப் பதிலாக, கேமராவைத் திருகி இறுக்குமுன் படத்தின் கீழ் விளிம்பில் உங்கள் பம்பரின் ஓரம் ஒரு விரல்கடை தெரியும்படி சாய்த்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியின் ஓரம் கண்ணில் பட்டால் இடைவெளி தானாகப் புரிந்துவிடும்.

திரை விஷயத்தில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை வேண்டாம் என்று நான் சொல்ல முக்கியக் காரணம் தோற்றம் இல்லை. நாம் பெரும்பாலும் எப்போது ரிவர்ஸ் எடுக்கிறோம்? காலையில் வீட்டு போர்ட்டிகோவிலிருந்து, வண்டியை எடுத்த அடுத்த நொடி. மலிவான ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ முழுதாக அணைந்திருந்தால் கண் திறக்கவே அரை நிமிடம் ஆகிவிடும். அதற்குள் நீங்கள் தெருவில் இருப்பீர்கள். அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களுக்குப் பின் கேமரா கட்டாயம். அங்கே ரிவர்ஸ் போட்ட 2 நொடிக்குள் படம் வர வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. நம் ஊரில் 2019 ஜூலை முதல் கட்டாயமானது சென்சார்தான், கேமராவுக்கு இப்படி அளவுகோல் போட்டு யாரும் கடையைக் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். சாவியைத் திருப்பி உடனே ஆர் போட்டு, மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். தூங்கும் நிலையிலேயே இருந்து சட்டென்று விழிக்கிற ஸ்டீரியோக்கள் உண்டு, ஆனால் வண்டி ஒரு வாரம் நின்றால் பேட்டரியைத் தின்றுவிடும்.

கம்பெனித் திரையையே வைத்துக்கொள்ள முடியுமானால் அதுதான் முதல் தேர்வு. ஸ்டீரியோவை வெளியே இழுத்துப் பின்பக்கத்தில் கேமரா வயரைச் செருகும் முனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தாலும் சில திரைகளில் மென்பொருளில் அதை இயக்கிவிட வேண்டியிருக்கும். விசிடிஎஸ், ஓபிடிலெவன் போன்ற, கார் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி வைத்திருக்கும் ஆள் செய்து தருவார். அந்த முனை இல்லை என்றால் உட்புறக் கண்ணாடியின் மேல் பொருத்துகிற மிரர் மானிட்டர். அணைந்திருக்கும்போது வெறும் கண்ணாடி, ரிவர்ஸில் இடது ஓரத்திலோ நடுவிலோ படம் வரும். குறை என்னவென்றால் அந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிட மங்கல். உங்கள் பின் கண்ணாடி ஏற்கெனவே சிறியது. கடையில் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வயர்லெஸ் கேமராவை விட்டுவிடுங்கள். அதற்கும் சப்ளை வயர் போட்டே ஆக வேண்டும், மிச்சமாவது வீடியோ கேபிள் மட்டும், அதற்காகப் படம் தடுமாறுவதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

வீடியோ கேபிளை ஓட்டும்போது கதவுப் படியின் பிளாஸ்டிக்கைக் கழற்றி உள்ளே போட வேண்டும், மிதியடிக்குக் கீழே அல்ல. மஞ்சள் நிறக் கப்ளர் எதையும் தொடக் கூடாது. அது ஏர்பேக், சீட் பெல்ட் இழுவை சம்பந்தப்பட்டது. வேலை முடிந்ததும் பின் சீட்டை மடித்து, பூட்டி, திரும்ப மடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். கேபிள் சீட் பூட்டில் நசுங்குவது அடிக்கடி நடக்கிறது. டெயில் லாம்ப்பைக் கறுப்பாக்கும் ஆசை இருந்தால் இப்போதே சொல்கிறேன், இரவில் கேமராவுக்குக் கிடைக்கும் ஒரே நல்ல வெளிச்சம் ரிவர்ஸ் லைட்தான். அதை மங்கலாக்கிவிட்டு, குறைந்த வெளிச்சத்திலும் தெரியும் என்று விற்கிற 0.1 லக்ஸ் கேமரா வாங்கியும் பயனில்லை. சென்சாரைக் கழற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மெல்லிய கம்பியையும் தரையோடு கிடக்கும் கல்லையும் சென்சார் தவறவிடும், கேமரா காட்டும். கேமராவில் தூரம் ஏமாற்றும்போது சென்சார் கத்தும்.

தூரத்திலிருந்து என்னால் உறுதி சொல்ல முடியாதவை இரண்டு. ஒன்று, உங்கள் எக்ஸ்டெண்டெட் வாரண்டி இன்னும் ஓடுகிறதா, ஓடினால் வெளி வயரிங் பற்றி அதன் தாளில் என்ன இருக்கிறது என்பது. கையெழுத்துப் போட்ட தாளைத்தான் பார்க்க வேண்டும், ஷோரூமில் வாய்வார்த்தையாகச் சொல்வது உதவாது. இன்ஷூரன்ஸிலும் கம்பெனி கொடுக்காத எலக்ட்ரிக்கல் பொருளைத் தனியாக எழுதிச் சேர்த்தால்தான் அதற்கு ஈடு கேட்க முடியும். அதனால் ஜிஎஸ்டி பில் வாங்காமல் வராதீர்கள். இரண்டாவது, உங்கள் ரிவர்ஸ் லைட்டுக்குக் கரண்ட் நேராக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்பது. ஒரே மாடலில்கூட வருடத்துக்கு வருடம், கோடிங்குக்குக் கோடிங் மாறலாம். பேட்டரியில் எவ்வளவு, ஹோல்டரில் எவ்வளவு என்று இரண்டு ரீடிங்கும் எடுத்து, ஸ்டீரியோவின் பின்பக்கத்து ஸ்டிக்கரையும் படம் பிடித்து இதன் கீழேயே போடுங்கள். ஃபில்டர் வேண்டுமா, எந்த வகைக் கேமரா அந்தத் திரைக்குப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எந்தக் கடைக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.